பூசை முடிஞ்சுதான் கோழி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தா கூண்டுல கோழி போடுற சத்தத்துல நான் பேசுறது பாதி காதுல விழாது. கோழிக்கறிக் கடைக்காரனுக்கு வாரத்துல ஒரே ஒரு நாள்தான், அது ஞாயித்துக்கிழமை. மத்த நாளெல்லாம் அந்த ஒரு நாளைக்கு ஒத்திகை. சலூன் வச்சிருக்கிறவங்க, ஆட்டுக்கறி போடுறவங்க, மசாலா அரைச்சுக் கொடுக்கிற மில்லுக்காரங்க, உங்க எல்லாருக்கும் இந்த வேதனை தெரியும். அதுலயும் நீங்க கோயிலுக்குப் போற கிறிஸ்தவங்களா இருந்துட்டா, வாங்க, நாம ஒரே கட்சி. சாமி நம்மளக் கேக்குறதும் ஞாயித்துக்கிழமை காலையில, சனங்க கறி கேக்குறதும் ஞாயித்துக்கிழமை காலையில!

கடலூர் செம்மண்டலத்துல, கடல் பொங்கின அடுத்த வருஷம், நானும் என் மச்சான் பழனியும் கூட்டா கடை போட்டோம். பழனி என் வீட்டுக்காரி தெரசாவோட தம்பி. பொறந்து வளந்தது சிதம்பரம். தெரசா கல்யாணத்துக்கு முன்னாடி ஞானஸ்நானம் வாங்கினவ. பழனி அவன் சாமியோடவே இருந்துட்டான். கடை திறந்த அன்னிக்குத் தராசுக்கு அவன் சந்தனம் குங்குமம் வச்சான், நான் செவுத்துல ஒரு சிலுவைய மாட்டினேன். ரெண்டு சாமியும் சண்டை போட்டுக்கல. வயசுல நான் பெரியவன், புத்தியில அவன். எந்தப் பண்ணையில எந்தக் கிழமை லோடு எடுக்கணும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரைப் பாத்தா உள்ள போய் ஒளிஞ்சுக்கணும் எல்லாம் அவனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது வெட்டுறது ஒண்ணுதான்.

தோலோடவா, உரிச்சா?

முதல்ல ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிப் பூசைக்கு நான் போறது, கடைய பழனி பாத்துக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனா கோயில் நம்ம கடையிலேருந்து கூப்பிடு தூரம். ஜன்னலோரமா மூணாவது பெஞ்சு என் இடம். உடம்பு பெஞ்சுல இருக்கு, காது கடையில இருக்கு. அங்கே வாசகம் வாசிக்கிறாங்க, எனக்குக் கட்டையில கத்தி விழுற சத்தம் கேக்குது. ஃபாதர் கைய உசத்தி செபம் பண்றார், நான் 'இந்நேரம் ரெண்டாவது கூண்டு காலியாயிருக்குமா'ன்னு யோசிக்கிறேன்.

பூசையில ஒரு கட்டம் வரும். பக்கத்துல இருக்கிறவங்களப் பாத்துக் கும்பிட்டு, 'சமாதானம்'னு சொல்லணும். என் பக்கத்துல இருந்தவர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், நம்ம கடைக்கு வாடிக்கை. நான் ரொம்பப் பக்தியா அவர் பக்கம் திரும்பி, ரெண்டு கையையும் கூப்பி, "தோலோடவா சார், உரிச்சா?"ன்னு கேட்டுட்டேன்! முன் பெஞ்சுல இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்குப் பெஞ்சுக்கு அடியில போயிடலாமான்னு இருந்தது. வாத்தியார் கொஞ்சமும் அசரல. அவரும் அதே பக்தியோட கையக் கூப்பினார்.

"உரிச்சு, முக்கால் கிலோ, சின்னச் சின்ன பீசா. சமாதானம்."

பூட்டின கடைக்கு முன்னால

அன்னிக்குச் சாயங்காலமே முடிவு பண்ணிட்டேன். இனிமே ஞாயித்துக்கிழமையில பூசை முடிஞ்ச பிறகுதான் ஷட்டர் ஏறும். அதோட, அன்னிக்கு வெட்டுற முதல் கோழி விக்கிறதுக்கு இல்லை, சாமிக்கு. நம்ம பக்கத்துல சிஸ்டருங்க நடத்துற முதியோர் இல்லத்துக்குப் போகும். கடை சாத்துறப்ப மிஞ்சினதக் கொடுக்கிறது நாய்க்குப் போடுற மாதிரி. முதல்ல எடுத்து வைக்கணும், அதுதான் கொடுக்கிறது. இதை நான் சொல்லி முடிச்சதும் பழனி கத்தியக் கட்டையில குத்தி நிறுத்திட்டு என்னைப் பாத்தான்.

"மாமா, உங்க தவக்காலத்துல ஒரு மாசம் அடி. எங்க புரட்டாசியில ஒரு மாசம் அடி. அமாவாசை, கிருத்திகைன்னு அது தனி. நடுவுல ஞாயித்துக்கிழமையும் சாத்திட்டா, நாம இந்தக் கோழிங்களுக்கெல்லாம் பேரு வச்சு மடியில போட்டுக் கொஞ்ச வேண்டியதுதான்!" அப்புறம் குரலை இறக்கிட்டான். "எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு மாமா. கொஞ்ச நாளு பாப்பேன். தேறலன்னா சிதம்பரத்துல தனியா கடை போட்டுக்கிட்டுப் போயிடுவேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க." அவன் விளையாட்டுக்குப் பேசல, கண்ணப் பாத்தாலே தெரிஞ்சது. அவன் போயிட்டா கடை படுத்துடும். அதையாவது தாங்கிக்கலாம். தம்பி என்னால போனான்னு தெரசா நினைச்சிட்டா அப்புறம் என் வீட்டுல எனக்குச் சோறு இருக்கும், பேச்சு இருக்காது.

முதல் ஞாயிறு பூசை முடிஞ்சு சாவியோட வரேன். கடை முன்னாடி திருவிழாக் கூட்டம்! ஒயர் கூடை, எவர்சில்வர் தூக்கு, மஞ்சப்பை. நான் கிட்ட போகப் போக அதுல பாதிப் பேரு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாங்க, ஒருத்தர் மரத்துக்குப் பின்னாடியே போயிட்டார். ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சது. அத்தனையும் நம்ம கோயில் பங்கு சனங்க, பூசைக்கு வராம கறி வாங்க வந்து நிக்கிறவங்க! வரிசையில முதல்ல நின்னவர் தெரு முனையில இருக்கிற தபால்காரர், முருக பக்தர். எல்லாரையும் ஒரு சுத்து பாத்துட்டு என்கிட்ட கேட்டார்:

"ஏன்யா சூசை, நீ கோயில்ல இருந்த, அது ஞாயம். இவுங்கல்லாம் உன் கோயில் ஆளுங்கதானே, இவுங்க எதுக்கு என்கூட நிக்கிறாங்க?"

கழுத்து மட்டும் முளைக்கிற கோழி

முதல் கோழியக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைய பழனி தானா முன்வந்து எடுத்துக்கிட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கல. மச்சான் மனசு மாறிட்டான், இனி சிதம்பரப் பேச்சு வராதுன்னு நினைச்சுக்கிட்டேன். வாராவாரம் பை கனமா போகுது, காலியா திரும்பி வருது. இல்லத்துல ஒரு நாள் விழா வச்சு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. தலைக்கு எண்ணெய் வச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போனோம். சிஸ்டர் எங்களைக் கூடத்துல நிறுத்தி, "இவங்கதான் நமக்கு ஞாயித்துக்கிழமை கறி கொடுக்கிறவங்க"ன்னு சொன்னதும் எல்லாரும் கை தட்டினாங்க. ஒரே ஒரு அம்மா மட்டும் கை தட்டல. மங்கலம்பேட்டைப் பக்கத்திலேருந்து வந்தவங்க, வாயில பல்லு கிடையாது, ஆனா வாயி இருக்கு. எழுந்து மெதுவா வந்து எங்களை மேலயும் கீழயும் பாத்தாங்க. பழனி என் முதுகுக்குப் பின்னாடி நகர்ந்தான். அப்பதான் எனக்குச் சந்தேகமே வந்தது.

"ஏம்ப்பா, உங்க கடைக் கோழிக்குக் கழுத்தும் காலும் மட்டுந்தான் மொளைக்குமா, இல்ல ஒடம்பு தனியா அடுத்த பஸ்சுல வருதா?"

ஃபாதரோட சந்தேகம்

நான் திட்டியிருந்தாகூட அவன் எதிர்த்துப் பேசியிருப்பான். அந்தம்மா கேட்டது அவனுக்கு உள்ளுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு. அடுத்த ஞாயிறு கூண்டுக்குள்ள தலைய விட்டு இருக்கிறதுலயே பெரிய கோழியா இழுத்துக்கிட்டு வந்தான். "சாமிக்குப் பயப்படுறேனோ இல்லையோ, அந்தம்மா வாய்க்குப் பயப்படுறேன் மாமா"ன்னான். அதுக்கப்புறம் அந்தப் பையில கழுத்து போனதே இல்லை. ஆனா சிதம்பரம் போறேங்கிற பேச்சை மட்டும் அவன் விடல.

இதுக்கு நடுவுல கோயில்ல ஒரு அதிசயம் நடந்தது. வாராவாரம் கூட்டம் ஏறுது! பின்னாடி நிக்க இடமில்லை. இதுவரைக்கும் பாக்காத முகமெல்லாம் நிக்குது. நெத்தியில பட்டையோட மெஸ் நடத்துற கோவிந்தன் வந்து நிக்கிறார். எல்லாரும் முட்டி போட்டா அவரு நிக்கிறார், எல்லாரும் நின்னா அவரு முட்டி போடுறார். ஃபாதருக்குப் பூரிப்பு. பிரசங்கம் வாரத்துக்கு வாரம் நீளுது. எனக்கு மட்டும் பகீர்ங்குது, ஏன்னா நான் பூசை முடிஞ்சு வெளிய வந்தா அந்தக் கூட்டம் அப்படியே என் பின்னாடி வருது. பழனியப் புடிச்சுக் கேட்டேன். "கோயிலேருந்து உங்ககூட யாரு வராங்களோ அவுங்களுக்குத்தான் முதல் வரிசைன்னு சொல்லிட்டேன் மாமா. சும்மா கடை வாசல்ல நின்னா ஒருத்தருக்கொருத்தர் அடிச்சுக்கிறாங்க. அங்க ஃபேனாவது இருக்கு"ன்னான். எவ்வளவு நாள் மறைக்கிறது? ஒரு நாள் ஃபாதர்கிட்ட போய் உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன். கோவப்படுவார்னு தலையக் குனிஞ்சு நிக்கிறேன். அவர் நாற்காலியில சாஞ்சு, ரொம்ப நாளா விடை தெரியாத கணக்குக்கு விடை கிடைச்ச மாதிரி மோட்டுவளையப் பாத்தார்.

"அட, புரட்டாசி மாசம் மட்டும் என் கோயில்ல ஏன் கூட்டம் குறையுதுன்னு இப்பதான்யா புரியுது!"

சிதம்பரத்துல ஒரு புதுநன்மை

சிதம்பரத்துல ஒரு பெரிய ஆபீசர், நம்ம சபைக்காரர்தான். அவர் சின்னப் பொண்ணுக்குப் புதுநன்மை, அதாவது பிள்ளை முதல் தடவையா நற்கருணை வாங்குற நாள். சொந்தபந்தமெல்லாம் வருது, ஞாயித்துக்கிழமை விருந்து. கோழி நம்மகிட்ட. போன்ல அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: விடியக்காலையில கறி வெட்டின கையோட வீட்டுக்கு வந்துடணும். நான் சொன்னேன், "சார், ஞாயித்துக்கிழமை பூசை பாத்துட்டுத்தான் கத்தியத் தொடுறது." அவருக்குக் கோவம் வந்துட்டுது. "யோவ், இதுவே சாமி காரியந்தான்யா! இதுக்குப் பூசைய விட்டா சாமி ஒண்ணும் கோச்சுக்க மாட்டார்!" பழனி போனை என் கையிலேருந்து பிடுங்கி, "சார், நீங்க கவலைய விடுங்க, எங்க பொறுப்பு"ன்னு வச்சிட்டான்.

வீட்டையும் இடத்தையும் பாக்க அந்த வாரமே பஸ்சுல போனோம். கடலூர் பஸ் ஸ்டாண்டுல என் மச்சான் வித்தைய நீங்க பாக்கணும். பஸ் இன்னும் நிக்கவே இல்லை, சனம் படிக்கட்டுல நசுங்குது. இவன் நிதானமா நடந்து போய், தோள்ல இருந்த துண்டை ஜன்னல் கம்பி வழியா ஒரு வீசு வீசினான் பாருங்க, அளந்து வச்ச மாதிரி சீட்டு மேல விரிஞ்சு விழுந்தது! அப்புறம் மெதுவா ஏறிப் போய், நிக்கிறவங்களப் பாத்து "ஆள் வருது, ஆள் வருது"ன்னான். அந்த ஆள் நான்தான். சிதம்பரத்துல இறங்கினதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு காலிக் கடையக் காட்டினான். ரோட்டுமேல, நல்ல இடம். "இங்கதான் மாமா. ஓனருகிட்ட பேசி வச்சிருக்கேன்." நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது?

விருந்துக்குப் பழனி பண்ணின யோசனை இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் கோழியெல்லாம் உசுரோட டெம்போவுல ஏத்தி, கூண்டோட கொண்டுபோய் ஆபீசர் வீட்டுக் கார் ஷெட்டுல இறக்கிட்டோம். கோழி வந்தாச்சு, ஆனா பூசை முடியாம வெட்டு கிடையாது. ஞாயிறு காலையில அந்த மனுஷனுக்கு வீட்டுல செய்யுறதுக்கு ஒரு வேலையும் இல்லை! சமையக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கார், வெங்காயம் சும்மா கிடக்குது. வேற வழியில்லாம வேட்டியக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்கு வந்து முன்வரிசையில உட்கார்ந்துட்டார். வெள்ளை கவுன் போட்டு, தலையில பூ வளையம் வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு நற்கருணை வாங்கிட்டுத் திரும்புறப்ப அப்பாவத் தேடிச்சு. அவர் அங்கேயே இருந்தார். அப்புறம்தான் நாங்க கத்திய எடுத்தோம். பந்தி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் நடந்தது, சொந்தக்காரங்க பசியில முணுமுணுத்துக்கிட்டே சாப்பிட்டாங்க. நான் பயந்துக்கிட்டே அந்த வீட்டம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

"பெரிய பொண்ணு புதுநன்மையப்ப இவரு பூரா நேரமும் கறிச் சட்டிகிட்டதான் நின்னாரு. இன்னிக்குத்தான் கோயில்ல நின்னாரு. நீங்க லேட்டாவே வெட்டுங்க அண்ணே."

கோழிக்குக் காய்ச்சல்

கோழிக்குக் காய்ச்சல்னு டிவியில சொல்ல ஆரம்பிச்சாங்க. அந்தக் காய்ச்சல் எங்கேயோ வடக்க இருந்துச்சு, பயம் மட்டும் நேரா செம்மண்டலத்துக்கு வந்துடுச்சு. நம்ம கடை பக்கமா நடந்து போறவங்ககூட மூக்கைப் பொத்திக்கிட்டு எதிர் வரிசைக்குப் போனாங்க. தினம் பாத்துச் சிரிக்கிற தபால்காரர் சைக்கிளை வேகமா மிதிச்சார். கூண்டு நிறையக் கோழி, வாங்க ஒரு ஆள் இல்லை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஷட்டரைத் தூக்கினா, வாசல்ல எங்க நிழல் மட்டும் நின்னது. பழனி கட்டை மேல உட்கார்ந்துட்டான். "விக்காத கடையில முதல் கோழி ஏது மாமா? ரெண்டாவதுன்னு ஒண்ணு இருந்தாத்தான முதல்னு ஒண்ணு?" கேள்வி சரிதான். "விக்கிறப்ப கொடுத்தது வியாபாரமாவும் இருக்கலாம் மச்சான், இப்பக் கொடுக்கிறதுதான் காணிக்கை"ன்னு மட்டும் சொன்னேன்.

அவன் எழுந்து ஒரு கோழிய வெட்டினான். ரெண்டு பேருமா எடுத்துக்கிட்டுப் போனோம். கேட்டுல சிஸ்டர் தயங்குறாங்க. வாங்கவும் பயம், வேணாம்னு சொல்லவும் மனசில்லை. நல்லா வேக வச்சா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிப் பாக்குறேன். உள்ளேயிருந்து நம்ம மங்கலம்பேட்டை அம்மா ஊனுகோலத் தட்டிக்கிட்டே வந்துட்டாங்க.

"கோழிக்கும் காய்ச்சல், எனக்கும் ஒரு வாரமா காய்ச்சல். ரெண்டு பேரும் ஒத்துப் போவோம், நீ உள்ள கொண்டாப்பா!"

ஜன்னலோரம், மூணாவது பெஞ்சு

பயம் தெளிஞ்சு சனங்க திரும்பக் கடைக்கு வந்துட்டாங்க. ஆனா அந்த நாள்ல விழுந்த அடி பழனிய உலுக்கிட்டுது. ஆடி மாசக் கடைசியில ஒரு நாள், கோழி இறகக் கூட்டிக்கிட்டே, என் முகத்தப் பாக்காம சொன்னான்: "ஆவணி பொறந்ததும் சிதம்பரத்துல கடைய தொறந்துடுறேன் மாமா. வர்ற ஞாயிறுதான் இங்க கடைசி." தெரசா அன்னிக்கு எனக்குச் சோறு போட்டா. பேசல. நான் முன்னாடியே சொன்னேன் இல்ல?

அந்த வாரமே எனக்குச் சிக்குன்குனியா. வந்தவங்களுக்குத்தான் அது தெரியும், கேட்டவங்களுக்குத் தெரியாது. முட்டி மடங்கல, விரலு மடங்கல, தம்ளரைப் புடிக்கத் தெரசா கை வேணும். கத்தியப் புடிக்கிறது எங்க? சனிக்கிழமை சாயங்காலம் பழனி வந்தான். ஆணியில மாட்டியிருந்த கடைச் சாவிய எடுத்தான், பக்கத்துல தொங்கின என் கோடு போட்ட துண்டையும் எடுத்தான். "படுத்துக்குங்க மாமா. நாளைக்குக் கடைய நான் பாத்துக்கிறேன்"ன்னான். எத்தனை மணிக்குத் திறப்பன்னு கேக்க வாய் வந்தது. கேக்கல. நாளையோட போறவன், போற அன்னிக்காவது நாலு காசு ஜாஸ்தி பாக்கட்டுமே. நான் இல்லாத கடையில என் சட்டம் எப்படிச் செல்லும்?

என் வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல ஒரே செவுருதான். ஷட்டர் ஏறினா என் கட்டிலு அதிரும். விடிஞ்சதிலேருந்து காதைத் தீட்டிக்கிட்டுக் கிடக்கிறேன். வாசல்ல கூட்டம் சேர்ற சத்தம் கேக்குது. சாவி பூட்டுல உரசுற சத்தமும் கேட்டது. சரி, திறந்துட்டான்னு கண்ணை மூடினேன். ஆனா கட்டிலு அதிரல. கொஞ்ச நேரத்துல அந்தக் கூட்டத்துச் சத்தமே இல்லை. கோயில் மணி அடிச்சது, தெரசா முக்காடு போட்டுக்கிட்டுப் போயிட்டா. ஷட்டர் ஏறல. இவன் சொல்லாமக் கொள்ளாம சிதம்பரம் பஸ் ஏறிட்டான்னு முடிவு பண்ணிட்டேன். எழுந்து போய்ப் பாக்கலாம்னா காலு என் பேச்சைக் கேக்கல.

பூசை முடிஞ்சு தெரசா வாசல்லேருந்தே சிரிச்சுக்கிட்டு வரா! எத்தனை நாள் கழிச்சு அந்தச் சிரிப்பு! "ஏங்க, பூசை ஆரம்பிக்கப் போவுது, நீங்க உக்கார்ற எடம் காலியா இருக்கு. ஒரு ஆளு அங்க உக்காரப் போறாரு, வெளியிலேருந்து ஜன்னல் கம்பி வழியா ஒரு துண்டு பறந்து வந்து அப்படியே பெஞ்சுல விரியுதுங்க! பாத்தா நம்ம துண்டு. ஜன்னல்ல பாத்தா இவன் மொகம். கூட்டத்தையும் ஓட்டிக்கிட்டு உள்ள வந்து துண்டுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டான். அந்த ஆளு, யாருப்பா துண்டு போட்டதுன்னு கேக்குறாரு. ஆள் வருது சார்ங்கிறான்! நம்ம கணக்கு வாத்தியாரு, சூசைதான் படுத்த படுக்கையா இருக்காரேப்பான்னாரு. அதனாலதான் சார் துண்டுங்கிறான்!" அவளுக்கு மூச்சு வாங்குது. "அது மட்டுமா? சமாதானம் சொல்ற நேரத்துல வாத்தியாரு வேணும்னே இவன்கிட்ட கையக் கூப்பி, முக்கால் கிலோன்னு காதுல சொல்றாரு. இவன் அதைவிடப் பக்தியா கும்பிட்டு, 'கோயில்ல கறி பேசக் கூடாது சார், பூசை முடிஞ்சுதான்'னுட்டான்!"

அதுக்குள்ள அவனே வந்து நின்னான். தோள்ல என் துண்டு. "கடைய நேரத்தோட திறந்திருக்கலாமே மச்சான்"னேன். "திறக்கத்தான் மாமா சாவியப் போட்டேன். தபால்காரரு, 'ஏன்யா, அதுக்குள்ள பூசை முடிஞ்சுடுச்சா'ன்னு கேட்டுட்டாரு. அந்தக் கூட்டம் மொத்தமும் என்னையே பாக்குது. நான் பூட்டை எடுக்க முடியாம அங்கேயே நின்னேன்." சொல்லிட்டு என்னைப் பாத்தான். "கோயில்ல உங்க எடத்துல வேற ஆளு உக்காந்துட்டா நீங்க எழுந்து வந்து எங்க போவீங்க?" நான் தைரியத்த வரவழைச்சுக்கிட்டு, "அப்ப சிதம்பரம் கடை?"ன்னு கேட்டேன்.

"இருக்கிறது ஒரு துண்டு மாமா, அத வச்சு எத்தனை சீட்டு புடிக்கிறது?"

துண்டை உதறி என் தலைமாட்டுல போட்டுட்டு அவன் நம்ம கடைக்குப் போனான். கட்டிலு அதிர ஷட்டர் ஏறிச்சு, கூண்டுல இருக்கிறதுலயே கனமான கோழிய எடுத்து அந்த மங்கலம்பேட்டை அம்மாவுக்குன்னு முதல்ல வெட்டினான். சாமிக்கு முதல் இடம் கொடுத்தவன்னு இத்தனை நாள் ஊர்ல பேரு வாங்கினது நான், சாமிகிட்ட எனக்கு இடம் புடிச்சு வச்சது இன்னும் எங்க கோயில் பங்குல பேரு பதியாத என் மச்சான்.